காலுக்குத் தண்ணீர்

பால்குடங்கள் வருவதற்கு முன்பே மழை வந்துவிட்டது.

காந்தன் ரப்பர் குழாயைப் பிடித்தபடி லோரியின் பக்கத்தில் நின்றார். லோரியின் மேல், தொட்டி நிறையத் தண்ணீர். சாலை நெடுகிலும் அதைவிட அதிகத் தண்ணீர்.

மெர்லிமாவ் பிள்ளையார் கோவிலிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கு வெறுங்காலில் நடந்து வருகிறவர்களுக்கு இந்த வளைவில் நிழலே கிடையாது. ஆடித் திருவிழா வெயிலில் தார் இளகிக் கிடக்கும். அப்பா இறந்த மறுவருடத்திலிருந்து காந்தன் இங்கே லோரியை நிறுத்தி, வருகிறவர்களின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

செருப்பை லோரியிலேயே கழற்றிப் போட்டுவிடுவார். அம்மனுக்காக அல்ல. வெறுங்காலோடு வருகிறவர்கள் முன்னால் செருப்போடு நிற்க அவருக்கு மனம் வராது.

"சாமியே இல்லைங்கிற ஆளு, சாமி கும்புடுறவங்க காலுக்குத் தண்ணி ஊத்துறியே, என்னா கதைலா இது?" என்று கூட்டாளி கணேஸ்வரன் முதல் வருடமே கேலி செய்தார்.

"சாமி இல்லைன்னுதான் சொன்னேன். கால் இல்லைன்னா சொன்னேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். வருகிற கால்களில் தங்கை திலகாவின் கால்களும் இருக்கும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சின்ன வயதில், ஆரத்தி தெரியவில்லை என்று அழுதவளைத் தோளில் தூக்கிக் காட்டியவர் அவர்தான். அப்போதும் அவர் கைகள் கூப்பியதில்லை, அவளைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். ஆனால் கொள்ளிக்குடத்தைத் தூக்கச் சொன்னபோது விலகி நின்றுவிட்டார்.

"நம்பாமத் தூக்குனா, அது அப்பாகிட்ட சொல்ற பொய்ம்மா."

திலகாவின் கணவர் தூக்கினார். அன்றோடு அவள் வாயிலிருந்து 'அண்ணே' போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு வாசல் கேட்டருகே நின்று அவள் கூப்பிடும் சொல் அது. இன்றைக்கும் ஞாயிறானால் அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பதில்லை.

ஒவ்வொரு திருவிழாவிலும் லோரியைக் கண்டதும் அவள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, கொதிக்கிற சாலையிலேயே நடந்து போவாள். அவர் ஊற்றும் தண்ணீர் அவள் பாதத்தை எட்டாமல் வழியிலேயே காய்ந்துவிடும்.

மேளம் நெருங்கியது.

"என்னா மாமா, மழைத்தண்ணி பத்தலயா?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கடந்தாள்.

குழாயைச் சுருட்டி வைத்திருக்கலாம். சுருட்டிவிட்டால், அங்கே நிற்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

திலகா வந்தாள். மஞ்சள் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலையில் பால்குடம், இரண்டு கைகளும் குடத்தில். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

இந்த வருடம் அவள் ஒதுங்கக்கூடத் தேவையில்லை. யாருடைய தண்ணீரும் வேண்டாமல் நடுச்சாலையிலேயே போய்விடலாம்.

அவள் நின்றாள். மழையில் குழாயும் கையுமாக நிற்கிறவரைப் பார்த்தாள்.

பிறகு சாலையின் குறுக்கே நடந்து வந்து, சில்லென்று கிடந்த ஈரத்தில் ஒரு பாதத்தை அவர் முன்னால் எடுத்து வைத்தாள்.

"தார் சுடுதுண்ணே," என்றாள்.