துளை போடும் இடம்

மருத்துவர் திரையில் என் மனைவியின் தலையைக் காட்டுகிறார். சாம்பல் நிறத்துக்குள் பட்டாணி அளவு வெள்ளைப் புள்ளி. ரத்தக் குழாய்களைத் தவிர்த்துக்கொண்டு ஒரு பச்சைக் கோடு அதை நோக்கி இறங்குகிறது. "இந்த வழியாத்தான் ஊசி போகும். ஒரு துணுக்கு எடுத்தா என்ன கட்டின்னு தெரிஞ்சிடும். சிலருக்கு ரத்தம் கசியலாம். அபூர்வமா உயிருக்கே ஆபத்தாகலாம்." நான் சுவரில் துளை போடுகிறவன். உள்ளே குழாய் எங்கே ஓடுகிறதென்று தட்டிப் பார்த்துத்தான் போடுவேன். "இவரு துளை போட்டா வீட்டுக்குள்ள மழைதான் டாக்டர்," என்று அவள் சிரிக்கிறாள். வாயின் வலப்பக்கம் மட்டும் சிரிப்போடு வரவில்லை. "எங்களுக்குப் படம் இருக்கும்மா," என்று ஒப்புதல் தாளை என் பக்கம் நகர்த்துகிறார் மருத்துவர். பேனாவைத் தொட மனம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். 'ரத்தக்கசிவு' என்ற இடத்தில் தடுக்கி நின்று, வழக்கம்போல் திருத்துவாள் என்று காத்திருக்கிறேன். அவள் குனிந்து அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்திழுத்து, மருத்துவர் காதில் விழாமல் கேட்கிறாள்: "ஏங்க, இது என்ன எழுத்து?" சொல்கிறேன். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன்.