கடைக்காரர்களுக்கு மட்டும்

மலையேற்றச் சாமான்களின் கண்காட்சிக்குள் கடைக்காரர்களை மட்டும்தான் விட்டார்கள். மலைக்குப் போகும் வழியில் விளம்பரப் பலகையைப் பார்த்துக் காரை நிறுத்தியவர், "எனக்கும் ஒரு கடை இருக்கு" என்று வாசலில் கூசாமல் புளுகிவிட்டு உள்ளே நுழைந்தார். மனைவி காரிலேயே இருந்தாள்.

நேராக அந்த ஆரஞ்சு நிற ஸ்லீப்பிங் பேக் இருந்த இடத்துக்குப் போனார்.

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு. போன வருஷம் இதுதான் சக்கைப்போடு போட்டுச்சு," என்றான் விற்பனையாளன். "பனியில படுத்தாலும் உள்ள அடுப்படி மாதிரி கதகதன்னு இருக்கும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"நீங்க எத்தனை நாள் தூங்கப்போறீங்க?" என்று சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "வாங்குறவங்ககிட்ட சொல்றதை எங்கிட்ட சொல்லாதீங்க தம்பி. நாளைக்கு எவனாவது வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாதுல்ல?"

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நமக்குள்ள இருக்கட்டும் சார். மொட்டை மாடியில படுக்கலாம். நிஜப் பனின்னா ஒரு ராத்திரிகூடத் தாங்காது. ஆனா பயப்படாதீங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

அவர் அந்தப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

காரில் மனைவி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தேடப் போனவங்களால இன்னைக்கும் மேல ஏற முடியலையாம். பனி விடலையாம். விக்கிறவன் என்னங்க சொன்னான்? நம்ம பையன் கொண்டுபோன பை தாங்குமாமா?"

அவர் காரைக் கிளப்பினார்.

"உள்ள அடுப்படி மாதிரி கதகதன்னு இருக்குமாம்," என்றார்.