பலகைக்குக் கீழே

தண்ணீர்த் தட்டுப்பாடு. செடிகளுக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் சபேசன் உடனே, "ஒரு சொட்டையும் வீணாக்காதீர்" என்று எழுதிய பலகையைத் தன் தோட்டத்து மதிலில் மாட்டினார். அந்த எழுத்தில் தூசி படியலாமா? தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீர் அடித்துக் கழுவினார்.

பலகைக்கு நேர்கீழே நின்ற செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. நாலடி தள்ளி நின்ற கறிவேப்பிலை காய்ந்து சுருண்டது.

"அக்கா, நீ மட்டும் எப்படிப் பச்சையா இருக்கே?" என்று கறிவேப்பிலை கேட்டது.

"சிக்கனம்தான். கிடைச்சதை அளவாக் குடிக்கணும். உனக்கு அந்தப் பழக்கமே இல்லை," என்றது செம்பருத்தி, மேலிருந்து சொட்டியதை உறிஞ்சிக்கொண்டே.

"இந்தத் தோட்டத்துல என் பேச்சைக் கேட்டது இது ஒண்ணுதான்," என்றது பலகை.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் சபேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த உற்சாகத்தில் இரண்டாவது பலகையும் சுத்தியலுமாக வந்து, எங்கே மாட்டலாம் என்று மதிலைப் பார்த்தார்.

கறிவேப்பிலை மிச்சமிருந்த நாலு இலையையும் தூக்கி ஆட்டியது.

"ஐயா, சிக்கனம்னா என்னன்னே எனக்குத் தெரியலையாம். இங்கே மாட்டுங்க."