தலைச்சுமை காலணா

"தலையில இருந்தாத்தானே தலைச்சுமை? இது இடுப்புல இருக்குங்க."

ஆண்டிமடம் வாரச் சந்தை வாசலில் முந்திரிக்கொட்டைக் கூடையோடு நின்ற கொளஞ்சியம்மாள் இப்படிச் சொன்னதும், சந்தைக் குத்தகைக்காரர் செல்லப்பன் வாசல் பலகையை அண்ணாந்து பார்த்தார். பஞ்சாயத்து போர்டு எழுதிவைத்த சுங்கம் அது. தலைச்சுமை காலணா, வண்டி நாலணா. இடுப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"ஏம்மா, காலணாவுக்கா இந்த வழக்கு?"

"போர்டு எழுதினபடிதாங்க வாங்கணும். நீங்களா சேத்து வாங்கினா குத்தம்."

உள்ளே போனவள் சும்மா இருந்தாளா? கத்தரிக்காய்க்காரி, கருவாட்டுக்காரி, சட்டிபானைக்காரர் என்று ஒருவர் விடாமல் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அதற்காக யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கவில்லை. 'கண்டுபிடிச்ச தந்திரத்தை ஊருக்கே தானம் பண்றாளே, வியாபாரம் தெரியாதவ' என்று நினைத்துக்கொண்டார் செல்லப்பன். அடுத்த சந்தையில் ஒரு தலையிலும் சுமை இல்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அது. இனிமேல் கூட்டம் அள்ளும் என்று நம்பி, மனைவி தனத்தின் அட்டிகையை அடகு வைத்து, முந்நூறு ரூபாய்க்கு ஏலத்தில் குத்தகை எடுத்திருந்தார் செல்லப்பன். போர்டுக்கு நடையாய் நடந்து, இரண்டு மாதம் கழித்துப் பலகையில் இடுப்பையும் சேர்க்க வைத்தார்.

அந்த வாரம் கொளஞ்சியம்மாள் வாசலுக்கே வரவில்லை. சந்தை எல்லைக் கல்லுக்கு அந்தண்டைப் பொட்டலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் முக்கால் சந்தை அவள் பின்னால் போய்விட்டது.

செல்லப்பன் வேகாத வெயிலில் அங்கே போய் நின்றார்.

"கொளஞ்சி, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? இப்படி வெயில்ல கருகி என் குடியைக் கெடுக்கணுமா?"

"உங்க மேல எனக்கு என்னங்க கோவம்? கல்லு அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெயிலு மட்டும்தான் தாங்கல. நெழல் இருந்தா காசு குடுத்துக்கூட உக்காருவேன்."

"காலணா குடுக்க மாட்டே, நெழலுக்குக் காசு குடுப்பியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

வருஷம் முடிந்து மறு ஏலம் வந்தது. செல்லப்பன் ஏலம் கேட்கப் போகவில்லை, கேட்க வந்தவர்களைத் தடுக்கப் போனார்.

"பாம்புப் புத்துல கை விடாதீங்கப்பா. நான் பட்டது போதும்."

போட்டதில் பாதிகூடத் தேறாத கதை ஊருக்கே தெரியும். போர்டு கிளார்க் அமிர்தலிங்கம் முந்நூறில் ஆரம்பித்தார், இருநூறுக்கு இறங்கினார், நூறுக்கும் வந்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

"அறுபது ரூபா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொளஞ்சியம்மாள்.

வேறு வழியில்லாமல் கிளார்க் மூன்று தரம் சொல்லி முடித்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தாள். செல்லப்பனுக்கே பாவமாகிவிட்டது.

"ஏம்மா, நீ சொல்லிக் குடுத்த தந்திரத்துலயே நீ அழிஞ்சு போயிடுவியே. வாசல்ல யாரு காசு குடுப்பா?"

"வாசல்ல ஒண்ணும் வாங்கப் போறதில்லங்க. உள்ள வரிசையா கீத்துக் கொட்டகை போடப் போறேன். நெழல்ல உக்கார்றவங்க அரையணா குடுத்தா போதும். வெயில்ல காஞ்சவங்க தானா வருவாங்க."

"அப்ப இத்தனை நாளும் அந்தப் பொட்டலுக்கு ஊரையே கூட்டிக்கிட்டுப் போனது?"

"நான் ஒருத்தி சுங்கம் ஏமாத்தினா ஏலம் அறுபதுக்கு எறங்குமாங்க?" என்றாள். "கொட்டகையில வசூலுக்கு ஒரு ஆள் வேணும், நீங்களே வாங்க. சீக்கிரம் அட்டிகையை மீட்டுடலாம்."

கொளஞ்சியம்மாள் ஏலச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அன்னிக்குப் பொட்டல்ல வாய் தவறி நெழல் ரகசியத்தை உங்ககிட்ட சொல்லிட்டு, ராப்பூரா தூங்கலங்க. நல்லவேளை, நீங்க காதுல வாங்கல."