பக்கத்து இருக்கை

"அந்த நெட்டைப் பொண்ணை என் மகள் பக்கத்துல இருந்து மாத்துங்க. இன்னைக்கே."

நாற்காலியைக் காட்டியும் அந்த அம்மா உட்காரவில்லை. மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தலைமையாசிரியையின் அறைக்கு வந்திருந்தாள்.

மகளுக்குப் பதினொரு வயது. படு சூட்டிகை. ஆறாம் வகுப்பில் இருந்தவளை, விரைவுக் கல்வித் திட்டத்தில் தேர்வு வைத்து, நேரே எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். பள்ளி வாசலில் அவள் படம் போட்ட பேனர் தொங்கியது.

"என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை.

"அவ பெயிலாகி அதே வகுப்புல மறுபடி உட்கார்ந்திருக்கறவ. என் பொண்ணுகூட எந்நேரமும் ஒட்டிக்கிட்டே திரியறா. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கணக்கையெல்லாம் இவ போட்டுக் குடுக்கணும், அவ நோகாம பாஸாகணும்."

பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை தயங்கினார். "அப்படித் தெரியலைங்க. கணக்குல அவ இப்பவும் பெயில்தான். காப்பியடிச்சிருந்தா மார்க் ஏறியிருக்குமே."

"அப்ப கெடுக்கறான்னு வெச்சுக்கங்க. வர வர என் பொண்ணு வாயில ஒரே சினிமாப் பாட்டு. எங்கிருந்து வந்துது? இந்தத் திட்டத்துல இடம் கிடைக்க நாங்க என்ன பாடு பட்டோம்னு உங்களுக்குத் தெரியும்."

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் வகுப்பாசிரியை.

"குழந்தைங்களைக் கேட்டா முடிவெடுக்கறது?"

தலைமையாசிரியை கையமர்த்தினார். "திட்டம் ஆரம்பிச்ச முதல் வருஷம். கெட்ட பேர் வேணாம். அந்தப் பொண்ணை சி பிரிவுக்கு மாத்திடலாம்."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஆசிரியையைவிட ஒரு தலை உயரமாக வந்து நின்றாள் நெட்டை.

"பையை எடுத்துக்கிட்டு சி பிரிவுக்குப் போ. இனிமே அந்தப் பொண்ணு பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது."

நெட்டை வாயைத் திறந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சரி மிஸ்."

பாரம் இறங்கின மாதிரி இருந்தது அம்மாவுக்கு. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம். தோளில் பையோடு நெட்டை நின்றாள்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்."

"சமாதானம் எல்லாம் வேணாம். போய் உன் படிப்பைப் பாரு."

"அதுக்கில்ல ஆன்ட்டி. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. சொன்னா நீங்க உடைஞ்சுபோயிடுவீங்களாம்."

"என்ன சொல்லக் கூடாது?"

நெட்டை திரும்பி வகுப்பறைப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்ஸுங்க எங்களைத் திட்டறப்பல்லாம் அவளைக் காட்டித்தான் திட்டுவாங்க. 'இத்தனூண்டு இருக்கு, அதுக்குத் தெரியுது, உங்களுக்கென்ன'ன்னு. எங்க வகுப்புப் பொண்ணுங்களுக்கு அவ்வளவு ஆத்திரம் அவ மேல."

"அதுக்கு?"

"இனிமே அவளைத் தனியா பாத்ரூம் போக வேணாம்னு சொல்லுங்க ஆன்ட்டி. உள்ளே போனதும் வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு ஓடிடறாங்க. இவ்வளவு நாளும் நான்தான் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன்."