விட்டு விட்டு வந்த ஒலி

ஒலி விட்டு விட்டு வந்தது இரண்டு முறையா மூன்று முறையா என்பதில் அவனுக்கு இன்று வரை சந்தேகம்தான். மனசு தனக்கு வேண்டியபடி எண்ணிக்கொள்ளும். மூன்று என்றே வைத்துக்கொள்வோம்.

காதில் ஹெட்போனும் கையில் கம்பு போன்ற கருவியுமாகச் சாலையோரம் நடந்துகொண்டிருந்தான். மண்ணுக்கடியில் செத்துக் கிடந்த மின்சாரக் கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தெரு தள்ளி, கேபிளின் மறு முனையில் பெட்டியை மாட்டி ஒலி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவனுடைய சகலை. அக்காளைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் இவன்.

அந்த ஒலி எங்கே தேய்ந்து மறைகிறதோ அங்கேதான் பழுது.

இருவரும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. மாமனார் வீட்டில் சாப்பிடும்போது, எல்லோர் முன்னாலும் இவன்தான் வாயை விட்டான்.

"ஸ்விட்ச் தட்டிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வேலையா சகலை? ஒரு செங்கல்லத் தூக்கி வெச்சா அது பாத்துக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"அப்ப இனிமே செங்கல்லோடவே பேசிக்கோ."

அதோடு சரி. போன் அடித்தாலும் எடுக்கமாட்டார். அவர் பாட்டுக்கு ஒலி அனுப்புவார், இவன் பாட்டுக்குத் தேடுவான். நடுவில் அக்காளும் தங்கையும் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கினார்கள்.

அன்று காலை மனைவி, பேசிவிட்டு வா, இல்லாவிட்டால் வீட்டுக்கே வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் ஓரடி இறங்கினால் நான் பத்தடி இறங்குகிறேன் என்று இவனும் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

ஒலி நின்றது. வந்தது. நின்றது. வந்தது. நின்றது. வந்தது.

மூன்று முறை விட்டால், டீ குடிக்க வா என்று அர்த்தம். சண்டைக்கு முந்திய காலத்து வழக்கம்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. உடனே திரும்பி நடக்க நினைத்தவன், திரும்பவில்லை. இத்தனை மாதம் என்னைத் தவிக்கவிட்டாரே, கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். ஒலி தேய்ந்த இடத்தை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத் தார் மேல் மஞ்சள் பெயிண்டால் குறி போட்டான். பெயிண்ட் காயும் வரை நின்றான். பிறகுதான் கேபிள் போன வழியிலேயே திரும்பினான். ஹெட்போனில் ஒலி சீராக வந்துகொண்டே இருந்தது. மனிதர் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு செங்கல். எங்கே தேடிப் பிடித்தாரோ. அதன் மேல் இரண்டு டீ. இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. ஒன்றில்கூட வாய் வைக்கவில்லை.

சகலை என்று கூப்பிட்டான். தோளைத் தொட்டான்.

இவன் கழுத்துக்கு இறக்கியிருந்த ஹெட்போனில் அவர் அனுப்பிய ஒலி இன்னும் வந்துகொண்டிருந்தது.

மாரடைப்பு. கொஞ்சம் முன்னால் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மஞ்சள் குறியில் தோண்டிக் கேபிளை ஒட்டுப்போட்டார்கள். தெருவுக்கு வெளிச்சம் வந்தது. மாமனார் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். தேடும் கருவி இப்போது வேறொருவன் கையில் இருக்கிறது. இவன் பெட்டிப் பக்கம் உட்காருகிறான்.

மனைவியின் அக்காள் இப்போது தன் மகளுடைய வீட்டில் இருக்கிறாள். அன்று இரண்டு பேரும் சமாதானமாகிச் சேர்ந்து டீ குடித்தோம் என்று அவளிடம் சொல்லியிருந்தான். சூடாகக் குடித்தாரா என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றான்.