செபத்தின் பின்பாதி

அரியலூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்து மாதா கோயிலில் செபமாலை என்றால் ஒவ்வொரு செபத்திலும் உபதேசியார் இஞ்ஞாசிமுத்து முன்பாதி சொல்வார், ஊர் பின்பாதி சொல்லும். வீட்டிலும் அப்படித்தான். அவர் தொடங்குவார், மனைவி மதலேனம்மாள் முடிப்பாள்.

அன்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள், நேரே மாதா படத்தின் முன் மண்டியிட்டாள்.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"அது கெடக்கட்டும். இன்னிக்கு நான் தொடங்குறேன், நீங்க பதில் சொல்லுங்க."

"உபதேசியார் வூட்டுலயே பொம்பள முந்திச் சொல்றதா? ஊரு சிரிக்கும்டி!"

அவள் காதில் வாங்காமல் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். அவர் கடுகடுத்துக்கொண்டே, "அர்ச்சிஷ்ட மரியாயே..." என்றார். பின்பாதி சொல்லியே பழகாத நாக்கு அதற்குமேல் புரளவில்லை. ஊருக்கே செபம் சொல்லிக்கொடுத்தவருக்கு வியர்த்துவிட்டது.

"பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..." அவள் எடுத்துக்கொடுத்தாள்.

முணுமுணுத்தார். கோபம் தலைக்கேறியது. "எதுக்குடி என்னை இப்படி வதைக்கிற?"

அவள் செபமாலையை அவர் கையில் வைத்தாள்.

"தை மாசம் தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. அப்புறம் இந்த வூட்டுல நீங்க தொடங்கினா, முடிக்க ஆளில்லீங்க."

உபதேசியார் செபமாலையின் முதல் மணியை விரலில் பிடித்தார்.

"நீயே தொடங்கு, மதலேனு," என்றார்.